உப்பீனி

ஃபுஜைராவில் மே மாதம்.
ஜன்னல் திறந்தால் ஹஜர் மலையே
உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று
ஆணியடித்து மூடிய வகுப்பறை.
பதினோராம் வகுப்பு பி பிரிவு. மூன்றாம் பாடவேளை.

மேலிருந்து கீழாக எழுதினேன்:
ஃப்ளூரின், குளோரின், புரோமின், அயோடின்.
அடியில் அஸ்டடின்.
அதைக் கண்ணால் கண்டவர் இல்லை;
நீண்ட ஆயுள் உள்ளதே
எட்டு மணி நேரத்தில் பாதியாய்க் கரையும்.
"ஒரு ஷிஃப்ட், மிஸ்" என்றான் ரெனில்டன்.
சிரித்தார்கள். நானும்தான்.

நான் படித்தது மேட்டூரில், தமிழ் வழியில்.
அங்கே இவற்றுக்கு உப்பீனி என்று பெயர்.
"பசு கன்னு ஈனுற மாதிரியா மிஸ்?"
அதேதான், ஷஃபானா. சோடியத்தைச் சேர்ந்தால்
சோற்றில் போடும் உப்பை ஈனும்.
சேராவிட்டால்
வெளிக்கூட்டில் ஏழு, எட்டுக்கு ஒன்று குறை.
அந்த ஒன்றை எங்கிருந்தாவது பிடுங்கும்:
சாயத்திலிருந்து, கிருமியிலிருந்து,
நுரையீரலின் ஈரத்திலிருந்து.

செய்து காட்ட வழியில்லை.
புகைக்கூண்டின் விசிறி போன வருடமே நின்றுவிட்டது.
மூன்று கடிதம் எழுதினேன்.
மூன்றும் கவனத்தில் கொள்ளப்பட்டன.
ஆகவே வாயால் காட்டினேன்:
பச்சை கலந்த மஞ்சள்.
காற்றைவிட இரண்டரை மடங்கு கனம்.
வாசனைக்கு நீச்சல்குளத்தை நினையுங்கள் என்று
சொல்லி மூடுவதற்குள்
நீச்சல்குளம் வகுப்புக்குள் வந்தது.

சொன்ன சொல்லே மூக்கில் ஏறியதென்று நினைத்தேன்.
யாரோ இருமினார்கள்.
பெனிட்டா எழுந்துவிட்டாள். அவள் அப்பா
கித்ஃபாவில் கடலைக் குடிநீராக்கும் ஆலையில் ஆபரேட்டர்.
"மிஸ், இது குளமில்ல. கீழ போகவேண்டாம்.
கனம்னு இப்பதான சொன்னீங்க."

தீ ஒத்திகை பழக்கியது கீழே, மைதானத்துக்கு.
முப்பத்தொரு பேர் மேலே ஏறினார்கள்,
துப்பட்டாவும் கைக்குட்டையும் மூக்கில்,
ஏனென்று தெரியாமல் ஏ பிரிவும் பின்னால்.

நான் தாழ்வாரக் கோடிக்கு ஓடினேன்.
கழிவறையில் தொஃபாஸல் முழங்காலிட்டிருந்தார்.
நாளை இன்ஸ்பெக்‌ஷன். மஞ்சள் கறை போகவேண்டும்.
ஒரு கையில் வெளுப்புத் திரவம், மறு கையில் ஆசிட்.
சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன்.
தரை ஈரமென்று திட்டுகிறேன் என நினைத்து
இருமலுக்கு நடுவில்
"சாஃப், மேடம், சாஃப்" என்றார்.

மொட்டைமாடியில் நிமிர்த்தி உட்காரவைத்தோம்.
தன் பாட்டிலைக் கவிழ்த்து அவர் கண்ணைக் கழுவினான் ரெனில்டன்.
ஆம்புலன்ஸ் வர பதினெட்டு நிமிடம்.

அப்புறம் அந்தப் பாட்டில்களைப் பார்த்தேன்.
எச்சரிக்கை இருந்தது, ஆங்கிலத்தில், அரபியில்.
அரபியை அவர் ஓதுவார்; பொருள் தெரியாது.
எனக்கு எழுத்துக்கூட்டவே தெரியாது.
பதினோரு வருடமாக இந்த ஊர்த் தண்ணீர் குடிக்கிறேன்.

மெமோ வந்தது:
ஒத்திகை நெறியை மீறியதற்கு விளக்கம் தருக.
ஒரு வரி எழுதினேன்.
குளோரின், லிட்டருக்கு 3.2 கிராம். காற்று, 1.29.

ஏ பிரிவு அனிந்திதா வங்காளத்தில் எழுதித் தர
பிள்ளைகள் பாட்டில்களில் ஒட்டினார்கள்.
மறுநாளே ஈரத்தில் கழன்றது.
டேப் போட்டு மறுபடி.

நாலாம் நாள், துடைப்பத்தோடு
வகுப்பு வாசலில் நின்றார் தொஃபாஸல்.
கலக்காதே என்று வாசித்துவிட்டாராம்.
ஏன் கலக்கக் கூடாது?

என் இந்திக்கு அவ்வளவு தூரம் போகத் தெரியாது.
பலகையில் ஒரு வட்டம் போட்டேன்.
சுற்றி ஏழு புள்ளி.
எட்டாவது இடத்தைச் சும்மா விட்டேன்.

கொஞ்ச நேரம் பார்த்தார்.
"ஏக் கம்?" என்றார்.

ஆமாம், ஒன்று குறைவு.

மணி அடித்துவிட்டது.
அயோடினை இன்னும் தொடவே இல்லை.